நாற்பத்தொரு நாள் ஓட்டம்

ஓடுவதென்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. பஸ் கண்ணெதிரே கிளம்பினாலும் ஓடிப் பிடிக்க மாட்டேன். அடுத்தது வராமலா போகும் என்று நிற்கிற ஆள். அப்படிப்பட்டவன் ஐம்பத்திரண்டு வயதில் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன் என்றால், அதற்கு ஒரே காரணம் என் பக்கத்து மேஜைக்காரர்.

இந்த மலையாள ஊரில், சாலை என்று பேர் கொண்ட கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக்கடையில் நாங்கள் இரண்டு பேரும் கணக்கெழுதினோம். இருபத்தாறு வருஷம் அடுத்தடுத்த மேஜை. அவருக்குப் பூர்வீகம் நாஞ்சில் நாடு, எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். நாலு வயது மூத்தவர் என்பதால் அவர் எனக்கு அண்ணாச்சி, நான் அவருக்கு வெறும் 'வே'. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும் மனுஷன் கடைக்குத் திரும்பி வந்து வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். எனக்குத்தான் கூட்டல் தப்பியது.

கரமனைப் பக்கம் வாடகை வீடு ஒன்றில் சில நல்ல மனிதர்கள் சேர்ந்து ஒரு இலவச டயாலிசிஸ் நிலையம் நடத்தினார்கள். நாலு மெஷின், அதில் ஒன்று பழுது. வாரத்துக்கு மூன்று முறை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டிய அண்ணாச்சிக்கு அங்கே இரண்டு முறைதான் இடம் கிடைத்தது. வெளியே காசு கொடுத்துச் செய்ய அவர் வீட்டில் இனி விற்பதற்கு எதுவும் இல்லை. இடைப்பட்ட நாட்களில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே விடிய வைப்பார். நாலாவது மெஷினைச் சரி பண்ணிவிட்டால் மூன்றாவது முறை உங்களுக்குத்தான் என்று அங்கிருந்த சிஸ்டர் சொல்லியிருந்தார். விஷயம் அவ்வளவுதான். அந்த மெஷின் ஓட வேண்டும், அண்ணாச்சி இருக்க வேண்டும்.

கடைத்தெருவில் நேரே போய்க் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொருவரும் உச்சுக்கொட்டினார்கள், டீ வாங்கித் தந்தார்கள். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள்தான் இந்த ஓட்டத்தைத் தலையில் கட்டினாள்.

"அப்பா, எங்க ஆபீஸ்ல முப்பது நாள் சேலஞ்ச் பண்ணாங்க. டெய்லி ஓடணும், தெரிஞ்சவங்க ஸ்பான்சர் பண்ணுவாங்க. அத்ரயே உள்ளூ, அவ்வளவுதான்."

"நான் ஓடினா அவங்க எதுக்கு காசு தரணும்?"

"சும்மா கேட்டா தரலல்லா? ஓடிட்டுக் கேட்டா தருவாங்க."

இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. "முப்பது என்ன கணக்கு? நல்ல காரியம்னா ஒரு மண்டலம் செய்யணும்" என்று பெரிய மனுஷத்தனமாக நாற்பத்தொரு நாளாக்கினேன். விருச்சிகம், அதாவது நம்ம கார்த்திகை, ஒன்றாம் தேதி தொடங்கினேன். சனியன், அதுவும் என் யோசனைதான்.

மகள் ஆபீஸில் மிச்சமிருந்த டீசர்ட் ஒன்று கொண்டு வந்தாள். கறுப்பு. முதுகில் பொடி எழுத்தில் ஆங்கிலம். புது ஷூ மூன்றே நாளில் குதிகாலைத் தின்றுவிட்டது, நாலாம் நாள் முதல் வெறுங்காலில் ஓடினேன். வலியசாலையிலிருந்து கிளம்பி, கிழக்கேகோட்டை வரை போய்ச் சுற்றி, சாலை வழியாகக் கிள்ளிப்பாலம் திரும்பி வீட்டுக்கு வந்தால், குளித்துக் கடைக்குப் போகத்தான் நேரம் இருக்கும். சவரத்தை விட்டுவிட்டேன். முட்டு வீங்கி, மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்கினேன். அண்ணாச்சியைப் பார்க்கப் போனபோது, "ஓய், எனக்குக் கிட்னி போச்சு, உமக்குக் காலு போகப்போகுது. ரெண்டு பேருக்குமா சேத்து இனி யாரு ஓடுவா?" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து வெகுநேரம் நிற்கவில்லை.

மகள் போட்ட இணையப் பக்கத்தில் சென்னைச் சொந்தமும் கல்ஃப் சொந்தமும் கட்டைவிரலும் கும்பிடும் பூங்கொத்துமாகக் கொட்டினார்கள். "சூப்பர் மாமா", "கீப் கோயிங் சித்தப்பா". பத்து நாளில் வந்த பணத்தில் மெஷினுக்கு ஒரு குழாய்கூட மாற்ற முடியாது. பிறகு கட்டைவிரலும் குறைந்தது.

வழியில் யாராவது தந்தால் வாங்கிக்கொள்ள இடுப்பில் ஒரு துணிப்பை கட்டியிருந்தேன். அது காலியாகவே ஆடிக்கொண்டிருந்தது. பதினோராம் நாளோ என்னவோ, சாலையில் பூக்கட்டி விற்கும் அம்மா ஓடிக்கொண்டிருந்த என்னைக் கைகாட்டி நிறுத்தினாள். மஞ்சள் துணியில் காசு முடிந்த ஒரு சிறிய முடிப்பை என் கையில் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சாமி, இது கூடி அவிடெ இடணே. என்ட மோளுக்கு வேண்டியாணு."

அங்கே போட வேண்டும், என் மகளுக்காக என்கிறாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? விருச்சிக மாசம், கறுப்புச் சட்டை, தாடி, வெறுங்கால். இந்த ஊரில் அப்படி ஒருவனைப் பார்த்தால் ஐயப்ப விரதம் இருக்கும் சாமி என்றுதான் எவரும் நினைப்பார்கள். மலைக்குப் போக முடியாதவர்கள் போகிறவர்களிடம் காணிக்கை முடிந்து கொடுத்தனுப்புவது வழக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வேறு யாருக்கோ பூ அளந்துகொண்டிருந்தாள். வாயைத் திறந்தேனா என்பதே சந்தேகம். தெரியாமல் வாங்கினேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

அவளைப் பார்த்து டீக்கடைக்காரர் தந்தார். மாவுமில்லில் நிற்கும் இரண்டு பெண்கள் தந்தார்கள். லாட்டரிச் சீட்டு விற்கும் காலில்லாத மனுஷன், தன் மூன்றுசக்கர வண்டியை என் பாதையில் குறுக்கே நிறுத்திவைத்துக் காத்திருந்து தந்தார். காசு மட்டுமில்லை, மடித்த நோட்டுகளும். "சாமி சரணம்" என்பார்கள். நானும் "சரணம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். துணிப்பை தொடையில் இடிக்கும். கூசியது, ரொம்பவே கூசியது. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் அண்ணாச்சியை நிலையத்துக்கு ஆட்டோவில் ஏற்றி இறக்குபவன் நான். அந்த உடம்பின் கனம் என் தோளில் இருந்தது. கூச்சத்தைத் தள்ளி வைத்துவிட்டேன்.

நாற்பத்தொன்றாம் நாள் ஓடி முடித்தேன். மகள் போட்டோ எடுத்தாள். சேர்ந்ததையெல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டு நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். நிலையத்தில் கொடுக்கும்முன் அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு அற்ப ஆசை. கட்டிலில் சாய்ந்திருந்தவர் பையைத் திறந்தார், கையை விட்டு ஒரு மஞ்சள் முடிப்பை எடுத்தார். பிறகு இன்னொன்று. முகம் மாறிவிட்டது.

அவர் பதினெட்டு வருஷம் மலைக்குப் போனவர், குருசாமி. சாலைக் கடைத்தெருவில் யார் விரதம் இருந்தாலும் இருமுடி நிறைத்துத் தலையில் ஏற்றி வைக்கிறவர் அவர்தான்.

"இது மலைக்கு உள்ளதுல்லா வே?"

"உமக்கு உள்ளதுதான்."

"களியாக்காதேயும், இது விளையாட்டில்ல. யாரு என்ன சொல்லித் தந்தாவ?"

சொன்னேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டார்.

"மேல கொண்டு போட்டுட்டு வாரும்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "சாமிக்கு என்ன ஓய் பஞ்சம்? அங்க போட்டா உம்ம ரத்தத்தை யாரு சுத்தம் பண்ணுவா? ஒரு மெஷினு அண்ணாச்சி! வாரத்துக்கு ஒரு முறை கூடுதலா! உம்ம சாமி வேண்டாம்னா சொல்லுவாரு?" என்று கத்தினேன். அடுக்களையிலிருந்து அவர் வீட்டம்மா எட்டிப் பார்த்தார்கள்.

"சாமி சொல்லமாட்டாரு. அந்தப் பூக்காரி மகளுக்கு என்னவோ? நீரு கேட்டீரா?"

கேட்கவில்லை. எதையும் கேட்டிருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, நேரே கரமனைக்குப் போய் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். முடிப்புகளை ஒவ்வொன்றாக அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவிழ்த்தேன். மஞ்சள் துணிகளை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். நான் கொடுத்ததோடு அவர்கள் கையிலிருந்ததையும் போட்டு மெஷினைச் சரி பண்ணினார்கள். இரண்டு வாரத்தில் அது ஓடியது.

மூன்றாவது முறைக்கு வரச்சொல்லி சிஸ்டர் கூப்பிட்ட அன்று, அண்ணாச்சியை அழைத்துப் போக ஆட்டோவோடு போய் நின்றேன்.

"மெஷினுக்கு ஏது காசு?"

"வேற ஆளுக தந்தாங்க. அந்த முடிப்பெல்லாம் நான் மேல கொண்டு போட்டாச்சு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போயிட்டு வந்தீரா?"

"ஆமா."

"இருமுடி யாரு நெறச்சா?"

இருபத்தாறு வருஷம் கணக்கில் ஒரு பைசா பொய் எழுதாதவன். இந்தப் பொய்யை வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு வந்தும் இந்த ஒரு கேள்வியை யோசிக்கவில்லை. கடைத்தெருவில் அதற்கு இருந்த ஒரே ஆள் என் எதிரில் கால் வீங்கி உட்கார்ந்திருந்தார்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, கைகாலைப் பிடித்தாவது கொண்டுபோயிருப்பேன். "ஆட்டோவை அனுப்பிரும் வே" என்று மட்டும் சொன்னார். அந்த முறையை, தன்னைப்போலவே சிறுநீரகம் போய் நிலையத்தில் இடத்துக்குக் காத்திருந்த ஒரு ஆட்டோ டிரைவருக்குக் கொடுக்கச் சொல்லி சிஸ்டருக்குப் போன் செய்தார். பழைய இரண்டு முறைக்கு மட்டும் பழைய மெஷினில் போய் வந்தார். நான் கெஞ்சினேன், அழுதேன், அவர் வீட்டம்மாவைவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. மகர மாசம், அதாவது தை, முடியுமுன் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து கிளம்பும்போது அவர் வீட்டம்மா உள்ளே கூப்பிட்டு என் கையில் ஒரு மஞ்சள் முடிப்பைத் தந்தார்கள்.

"நீங்க ஓடத் தொடங்குன மொத வாரமே அவிய முடிஞ்சு வச்சாவ. உங்க முட்டு வீங்கிட்டுன்னு நேந்துகிட்டது. மூணாம் முறை கிடைச்சு உடம்பு தேறினா நானே கொண்டு போவேன்னாவ. இனி நீங்கதான் கொண்டு போகணும்."

அந்த மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது. அந்த ஆட்டோ டிரைவர் என்னைக் கண்டால் கும்பிடுகிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். முட்டு வலி போகவில்லை. பக்கத்து மேஜையில் இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது. முடிப்பு என் மேஜை இழுப்பறையில், அவிழ்க்காமல் கிடக்கிறது.

இந்த வருஷமும் விருச்சிகம் பிறந்தது. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, செருப்புக் காலோடு சாலை வழியாக நடந்தேன். பூக்கார அம்மா அடையாளம் கண்டுகொண்டாள்.

"சாமி, இத்தவண மலைக்குப் போகுன்னில்லே?"

இந்தத் தடவை போகவில்லை என்று தலையாட்டினேன். ஏன் என்று கேட்டாள். எனக்கு இருமுடி நிறைக்க ஆளில்லை என்றேன்.