கட்டைவிரலுக்குக் கீழே இருந்த முகம்

சௌம்யாவின் வேலை போனதற்குக் காரணம் நான்தான். வரி எண்ணைத் தப்பாகப் பதிந்தது அவள் அல்ல. தப்பான எண்ணை வாசித்துக் கொடுத்தவன் நான். தப்பு என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு நின்றவனும் நான்.

இதை உங்களிடம் சொல்கிறேன்... அவளிடம் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து, பழவங்காடியில் ஓர் அண்ணாச்சியின் சைவ ஓட்டலில் எச்சில் இலை எடுத்து, மாவாட்டி, சரக்கு மாஸ்டர் ஆனவன். பயந்தாங்கொள்ளி. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறவன். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறவன்... யாராவது கேட்டுவிட்டால்! அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பார்க்காமல் விட்டேன். அது போதுமானதாக இருந்தது.

அண்ணாச்சியிடம் ஒரு வழக்கம். வேலையாட்களின் பான் கார்டுகளை அவரே எடுத்துக் கொடுப்பார். அவரே வாங்கி வைத்துக்கொள்வார். எல்லாம் ரப்பர் பாண்டு போட்ட ஒரே கட்டாகக் கல்லாவுக்குள் கிடக்கும். "உங்க கையில இருந்தா தொலைச்சிருவீங்கல்லா" என்பார். அது பாசமா, கயிறா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வேலையை விட்டுப் போகிறேன் என்று வாயைத் திறந்தால், "ஓணம் கழியட்டும்டே." ஓணம் கழிந்தால், "சபரிமலை சீசன் முடியட்டும்." சீசன் முடிந்தால் ஆற்றுக்கால் பொங்காலை. இந்த ஊரில் திருவிழா முடிந்து ஒருவன் வேலை மாறுவது நடக்கிற காரியமா?

மகள் நர்சிங் படிப்பில் சேர்ந்தாள். அண்ணாச்சி தரும் கூலி அவளுடைய விடுதிக்கே பற்றவில்லை. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் ஆபீஸ் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். கூடுதல் சம்பளம்.

ஒருநாள் காலை, அண்ணாச்சி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தார். கல்லாவைத் திறந்தேன். கார்டுக் கட்டுக்குள் என் பெயரைக் கண்டதும் அந்தக் கார்டை உருவிப் பைக்குள் போட்டேன். காசில் கை வைக்கவில்லை. என் சொந்தக் கார்டை நானே திருடினேன்! அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் ஊர் வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மூத்த பிள்ளைக்குக் குலசாமி பெயர்தான். வீட்டுக்கு ஒரு சுடலைமுத்து. அப்பன்மாரில் பாதிப் பேர் இசக்கிமுத்து. அண்ணாச்சியும் ஆள் எடுப்பது எங்கள் ஊரிலிருந்துதான். ஆகவே அந்த ஓட்டலில் இசக்கிமுத்து மகன் சுடலைமுத்து இரண்டு பேர். நான் பெரிய சுடலை. இன்னொருவன் சின்ன சுடலை. ஊரோடு போய் எத்தனையோ காலம் ஆயிற்று. அவன் கார்டு மட்டும் அந்தக் கட்டுக்குள்ளேயே கிடந்தது. கார்டில் பெரியது ஏது, சின்னது ஏது!

கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தவள் சௌம்யா. ஆரியசாலைத் தமிழ் வீட்டுப் பெண். பாதித் தமிழ், பாதி மலையாளம். சேர்ந்த அன்று ஜெராக்ஸ் இயந்திரம் வேலை செய்யவில்லை. ஜெராக்ஸ் இல்லாமல் பெயர் ஏற்றக் கூடாது என்பது சட்டம். நான் பதறியதைப் பார்த்தாள்.

"மாஸ்டர் அண்ணா, பேடிக்க வேண்டாம். ஜெராக்ஸ் பின்னே தந்தா மதி, போதும். இப்ப நம்பரை வாசிச்சுத் தாங்க, நான் ஏத்திடறேன். இல்லேன்னா உங்க ஜாயினிங் அடுத்த மாசம் போயிரும்."

கார்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன். என் கட்டைவிரல் படத்தின் மேல் இருந்தது. திருடிய பொருளை நேருக்கு நேர் பார்க்கப் பயம்... வேறென்ன?

ஜெராக்ஸை நான் கொடுக்கவே இல்லை. அவளும் நச்சரிக்கவில்லை.

இரண்டு மூன்று மாதம் சரியாக வந்தது. பிறகு சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் காணோம்! வரி என்றார்கள். வரியா? எனக்கா? விசாரித்தபோதுதான் தெரிந்தது, கம்பெனி எங்களை வேலையாள் என்றே எழுதவில்லை. கான்ட்ராக்ட் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். விடியுமுன் அண்டா தூக்குகிறவன் கான்ட்ராக்டராம்! அதற்கு வரி துளிதான் பிடிப்பார்கள். ஆனால் பான் எண் செல்லாததாக இருந்தால் ஐந்தில் ஒன்று போய்விடுமாம். என் எண் செல்லாதது என்கிறது கம்ப்யூட்டர்.

எனக்கு எரிந்தது. மகளின் விடுதியிலிருந்து போன் மேல் போன். இங்கே போனால் அங்கே போ என்கிறார்கள், அங்கே போனால் ஆன்லைனில் பார் என்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள், அடுப்படியில் நிற்பவன் எந்த லைனில் போய் நிற்பான்?

மூன்றாவது மாதமும் பிடித்தபோது, கரண்டியைப் போட்டுவிட்டு நேரே சௌம்யாவின் மேசைக்குப் போனேன்.

"நான் உப்பை ஒரு கை கூடப் போட்டா ஆபீஸே எழுந்து வந்து கேக்குது. நீ நம்பரைத் தப்பாப் போட்டா கேக்க நாதியில்லையா?"

"மாஸ்டர் அண்ணா, ஒண்ணு இருங்க. சிஸ்டத்துல இந்த பான் ஆதாரோட லிங்க் ஆகலேன்னு காட்டுது. கார்டு இருந்தா தாங்க, நோக்கலாம்..."

"என் கார்டுல குத்தமில்ல. உன் கையிலதான் குத்தம்! ஊரான் வீட்டுப் பிள்ளை பட்டினி கெடந்தா உனக்கென்ன!"

சமையலறைப் பையன்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "விடாதீங்க மாஸ்டர்!" என்றான் ஒருவன். "இன்னிக்கு மாஸ்டரே தாளிக்கிறாருடோய்!" என்றான் இன்னொருவன். சிரிப்பு. மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு இனித்தது. வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் பயந்தவன் பேச, ஓர் ஆபீஸ் முழுதும் வாய் மூடிக் கேட்டது!

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "எந்தா மாஸ்டரே, பகளம்? கார்டு எவிடெ? காணிக்கு."

சட்டைப்பையில் கைவிட்டேன். பாதி வெளியே எடுத்தேன். கட்டைவிரல் விலகியது.

முறம்போல் விரிந்த இரண்டு காதுகள். அந்தக் காதுகளை வைத்து நாங்கள் எவ்வளவு கேலி செய்திருப்போம்! சின்ன சுடலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊரோடு போனவனின் கார்டை ஆதாரோடு யார் இணைப்பார்கள்? இணைக்கக் கெடு முடிந்ததும் அந்த எண் செல்லாமல் போயிருக்கிறது. எல்லாம் ஒரே மூச்சில் விளங்கியது. என்ன செய்திருக்க வேண்டும் நான்? "என் தப்பு" என்று இரண்டு சொல். அவ்வளவுதானே?

கார்டை உள்ளே தள்ளினேன்.

"ரூம்ல இருக்கு சார். ஆனா நான் சரியாத்தான் வாசிச்சேன்."

சௌம்யா என்னையே பார்த்தாள். "நீங்க வாசிச்சதைத்தானே அண்ணா நான் அடிச்சேன்... நல்லா ஓர்மை பண்ணிப் பாருங்க."

நான் சுவரைப் பார்த்தேன்.

"ஜெராக்ஸ் எவிடெ, சௌம்யா?" என்றார் மேனேஜர்.

அவளிடம் ஜெராக்ஸ் இல்லை. எனக்காக விட்டுக்கொடுத்த அந்த ஒரு தாள் இல்லை!

அவள் இன்னும் நிரந்தரம் ஆகாதவள். அடுத்த மாதம் அந்த நாற்காலியில் வேறொருத்தி இருந்தாள்.

மாட்டியிருந்தால் திருடன் என்பார்கள், அடுத்தவன் கார்டில் வேலை செய்த பாண்டிக்காரத் தமிழன் என்பார்கள், போலீஸ் வரும்... இப்படி எத்தனையோ காரணம் வைத்திருக்கிறேன். எல்லாம் பிறகு நான் சமைத்தவை. அந்த நிமிடத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அத்தனை பேர் முன்னால் ஏறிய கோபத்திலிருந்து இறங்க எனக்கு மனமில்லை.

இன்னொன்று கேட்கிறேன். அந்த எண் யாருடையது என்று ஒருவராவது பார்த்தார்களா? ஓர் எழுத்துப் பிசகினால் கைப்பிழை, எண்ணே வேறாக இருந்தால்? பெரிய படிப்புப் படித்த ஆடிட்டர், மேனேஜர்... ஒருத்தர்! யாராவது தட்டிக் கேட்டிருந்தால் அன்றே உடைந்திருப்பேன். பாருங்கள், இதிலும் அடுத்தவரைத்தான் குற்றம் சொல்கிறேன்.

அண்ணாச்சியிடம் போய் நின்றேன். அவர் கல்லாவைத் திறந்து என் கார்டைத் தூக்கி மேசைமேல் போட்டார்.

"ஏலே, களவாங்கவன் கார்டுல மூஞ்சியைப் பாத்துல்லா களவாங்கணும்? ஒன் கார்டை ஆதாரோட லிங்க் பண்ணி பத்திரமா வச்சிருக்கேன். கேட்டிருந்தா தரமாட்டேனா?"

தந்திருப்பாரா? தெரியாது. நான் கேட்கவில்லையே!

புதிய எண்ணைக் கொடுத்தேன். வேறு யாருடைய எண்ணையோ என் பெயருக்கு நேரே பதிந்துவிட்டார்கள் என்று எழுதி, ஆடிட்டர் திருத்தி அனுப்பினார். பிடித்த பணம் இழுத்தடித்து இழுத்தடித்து வந்து சேர்ந்தது. மகள் இன்று நர்ஸ். எல்லாம் சரியாகிவிட்டது, எல்லாம்!

போன வருடம் கம்பெனிக்கு மல்லியும் வற்றலும் எடுக்க ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடைக்குப் போனேன். பில் போடும் இடத்தில் சௌம்யா.

"மாஸ்டர் அண்ணா! சுகந்தானே? மோள் படிச்சு முடிச்சாளா?"

தலையை ஆட்டினேன். அவள் பில் போடத் தொடங்கினாள். ஒவ்வோர் எண்ணின் மேலும் விரலை வைத்து, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, முதலிலிருந்து மறுபடியும், மறுபடியும்... அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி ஓடுகிறவனுக்கு அந்தக் கண்களைத் தெரியாதா?

"இவ ஒரு பில்லு போட்டு முடிக்கதுக்குள்ள மூடையில மல்லி முளைச்சிரும்" என்றார் கடைக்காரர்.

அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னைக்கு என்னால உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் அண்ணா... நான்தான் நோக்காம எதையோ அடிச்சிருப்பேன். இப்பவும் நினைச்சா உறக்கம் வராது. ஸாரி கேட்டோ."

என் நாக்கில் அந்த இரண்டு சொல் இருந்தது. சத்தியமாக இருந்தது.

"போட்டும்மா... யாருக்கும் வரும்" என்றேன்.

கேட்டீர்களா? நான் அவளை மன்னித்தேன்!

இப்போதும் சரக்கெடுக்க அந்தக் கடைக்குத்தான் போகிறேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போகிறேன். அவள் விரலை வைத்து வாசிக்கத் தொடங்குகிறாள். நான் பில்லுக்காகக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.