மானுக்குத் தாடி முளைத்த கதை

"என் கைக்கு வந்த பொருள் தொலைஞ்சதா சரித்திரமே கிடையாது. கண்ணைக் கட்டி விடுங்க, கேட்டதை எடுத்துத் தரேன்."

இந்த வீர உரையை நிகழ்த்தியவர் போர்க்களத்தில் நின்ற தளபதி அல்ல. பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பாளர். நிகழ்த்திய இடம், பணிமனை வாசலில் உள்ள தேநீர்க் கடை. கேட்டவர்கள் இரண்டு மெக்கானிக்குகளும் ஒரு நாயும். நாய் மட்டும் கடைசிவரை இருந்தது.

கிடங்கில் கூரை தொட நிற்கும் இரும்பு ரேக்குகளின் நடுவே வாழ்ந்ததால் எல்லாருக்கும் அவர் 'ரேக்கு'. பிரேக் லைனிங் எங்கே, கிளட்ச் தகடு எங்கே, எந்த மூலையில் எந்த வாஷர் தூங்குகிறது என்று கேட்டால் தலையைத் திருப்பாமல் கை நீட்டுவார். ஒவ்வொரு பெட்டியிலும் லேபிள். அந்த வியாதி வீட்டுக்கும் பரவியிருந்தது. சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை', உப்பு டப்பாவில் 'உப்பு', ரிமோட்டின் முதுகில் 'ரிமோட்'. நல்லவேளை, என் நெத்தியில இன்னும் ஒட்டல என்பது அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும் நகைச்சுவை. ரேக்குவுக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொன்னால் குறைத்து மதிப்பிடுவதாகும். கோபம் வந்த பிறகுதான் மூக்கே வரும். கதவு இறுகினால் கதவைத் திட்டுவார். மழை பெய்தால் மேகத்தைத் திட்டுவார். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கச் சேமித்து வைத்த கோபத்தின் பெரும்பகுதி ஒரே மனிதருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மனைவியின் அண்ணனுக்கு.

மச்சான் பள்ளி வேன் ஓட்டுநர். கைமாறி வந்த வீடியோ கேமரா ஒன்றை வைத்திருந்தார். குடும்பத்தில் யார் தும்மினாலும் படம் பிடிப்பார். பிடித்துவிட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கிரிக்கெட் வர்ணனை மாதிரி பேசிக்கொண்டே இருப்பார். "இதோ மாப்பிள்ளை வர்றார். கையில லேபிள் தெரியுது. பாப்பா, ஓடிடு, உன் முதுகுலயும் ஒட்டிருவார்." ஒருமுறை சொந்தக்காரர்கள் கூடிய வீட்டில் அதைப் போட்டுக் காட்ட, கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. அன்று முதல் ரேக்கு மச்சானிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேசட்டுகளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். பொருள் வேறு, மனிதர் வேறு. பிறகு கேசட்டுகளையெல்லாம் கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றி, ஹார்ட் டிஸ்க்கில் அடுக்கி, பழைய கேசட்டுகளைக் கிடங்கு முறைப்படி ஸ்க்ராப்பில் தள்ளினார்.

போன மழைக்காலத்தில் மச்சான் போய்ச் சேர்ந்தார். நெஞ்சுவலி. வேனை ஓரமாக நிறுத்தி, பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகே உயிரை விட்டார் என்று எல்லாரும் பேசினார்கள். ரேக்கும் இறுகிய முகத்தோடு போய் நின்றுவிட்டு வந்தார்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணன் என்னை 'குண்டூசி'ன்னு கூப்பிடும், ஞாபகம் இருக்கா? அந்தப் பேரைச் சொல்ல இப்ப ஆளே இல்லங்க. அந்த வீடியோவுல எதுலயாவது ஒரு தடவை கேட்டாப் போதும்."

அவர் அழவில்லை. சட்டையின் காலரை மட்டும் திரும்பத் திரும்ப நீவினார். ரேக்கு நெஞ்சை நிமிர்த்தினார். இது அவருடைய துறை.

"எந்த வீடியோ வேணும், சொல்லு. எடுத்துத் தரேன்."

எடுத்தார். டிவியில் போட்டார். படம் வந்தது: நடை பழகும் மகள், பூத்தொட்டி, துணிக்கொடி. சத்தம் வரவில்லை. ஒலியைக் கூட்டினார். கூடிய ஒலியில் மௌனம் இன்னும் பலமாகக் கேட்டது. டிவியைத் தட்டினார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். டிவிக்காரனின் வம்சத்தை விசாரித்தார்.

பணிமனையில் கணினிப் பிரிவில் இருந்த 'மவுஸ்' என்பவரிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. எதைக் கேட்டாலும் முதலில் மவுஸை ஆட்டிப் பார்ப்பவர் என்பதால் அந்தப் பெயர். இதெல்லாம் வெறும் கோப்பாகக் கிடந்தால் இப்படித்தான், நூலகம் மாதிரி அடுக்கி டிவிக்கு அனுப்பும் சாஃப்ட்வேர் இருக்கிறது, அதைப் போடுங்கள், சத்தமெல்லாம் தானாகச் சரியாகும் என்றார் மவுஸ். கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரியாததைச் சொல்லும்போதுதான் மனிதனுக்குக் குரல் கணீரென்று வரும்.

இப்படியாக மென்பொருள் தேர்வு தொடங்கியது. அரசர்கள் மருமகனைத் தேர்ந்தெடுத்ததில்கூட இவ்வளவு சத்தம் எழுந்திருக்காது.

முதல் மென்பொருள் வீட்டு உரிமையாளர் மாதிரி. முதலில் பெயரைப் பதிவு செய், மின்னஞ்சல் கொடு, கடவுச்சொல் கொடு என்றது. கொடுத்தார். மறுநாள் இணையம் போனது. உள்ளே விடமாட்டேன், நீங்கள் யார் என்று உறுதி செய்ய முடியவில்லை என்று டிவித் திரையில் எழுதிக் காட்டியது. ரேக்கு எழுந்து நின்றுவிட்டார். "என் வீட்டு டிஸ்க்குல இருக்கிற என் பொண்டாட்டி புள்ளையை நான் பாக்க எவன்டா இடையில?" இணையம் திரும்பிய பிறகு படம் ஓடியது. சத்தம் இல்லை. அன்றே அதை வெளியே தள்ளினார்.

இரண்டாவது, முகங்களை அடையாளம் கண்டு அடுக்குவது. அதைப் பற்றி மவுஸ் வானளாவப் புகழ்ந்திருந்தார். அது கல்யாண வீட்டில் நம்மைக் கட்டிப்பிடித்து வேறு யாரையோ நலம் விசாரிக்கும் பெரியவரைப் போல நடந்துகொண்டது. மகளையும் மனைவியையும் ஒருவராக்கியது. பிரஷர் குக்கரின் படத்தை வட்டமிட்டு, 'இவர் யார்?' என்று பணிவாகக் கேட்டது. ரேக்குவின் முகத்துக்கு மட்டும் மூன்று தனி மனிதர்களை உருவாக்கி வைத்தது: கோபமாக ஒருவர், மிகக் கோபமாக ஒருவர், கண்ணாடி போட்டுக் கோபமாக ஒருவர். மச்சானைத் தேடியதில் யாரும் இல்லை என்றது. அது பொய்யல்ல. கேமராவைத் தூக்கியவர் கேமராவுக்குள் எப்படி வருவார்? கிடங்கிலும் அப்படித்தான். ரேக்கில் பொருளின் பெயர் இருக்கும். சுமந்து வந்து இறக்கியவரின் பெயர் இருக்காது.

இதிலும் சத்தம் இல்லை. மென்பொருளை எழுதியவனின் விரல்கள் என்னவாக வேண்டும் என்று ரேக்கு விவரமாகச் சொன்னார். பக்கத்து வீட்டு ஜன்னல் மூடப்பட்டது.

மூன்றாவது இலவசம். ஆர்வக்கோளாறு. டிஸ்க்கில் எதைப் பார்த்தாலும் அது ஏதோ ஒரு சினிமா என்று நம்பி, இணையத்திலிருந்து சுவரொட்டியைப் பிடித்து வந்து ஒட்டும். குற்றம் முழுக்க அதன் மேல் இல்லை. ரேக்கு கோப்புகளுக்குத் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில், கிடங்குப் பாணியில் ஒரே சொல்லாகச் சுருக்கி வைத்திருந்தார். மகளுக்கு முதல் பல் முளைத்த வீடியோவுக்கு 'பி, ஏ, எல்'. மென்பொருளுக்கு அது பல் அல்ல, நண்பன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். இரண்டு வெளிநாட்டுக் குடிகாரர்கள் தோளில் கை போட்டுச் சிரிக்கும் சுவரொட்டியைக் குழந்தையின் ஈறுக்கு மேல் ஒட்டியது. ரேக்கு கத்திக்கொண்டே திருத்தினார். ஆனால் 'வீட்டு வீடியோக்கள்' என்ற வரிசையை மட்டும்தான் திருத்தினார். கீழே 'திரைப்படங்கள்' என்று இன்னொரு வரிசை இருந்தது. அதை அவர் திறக்கவே இல்லை. சினிமா பார்ப்பது உருப்படாதவன் வேலை என்பது அவர் கொள்கை.

இதிலும் சத்தம் இல்லை.

கல்லூரியிலிருந்து வந்த மகள் மடிக்கணினியை மடியில் வைத்து அதையும் இதையும் தட்டிப் பார்த்தாள். "அப்பா, சாஃப்ட்வேரைத் திட்டாதீங்க. இந்த ஃபைல்லயே சத்தம் இல்ல. யாரோ வேணும்னே எடுத்திருக்காங்க."

"எவன்?"

எவன் என்று கேட்டுக்கொண்டே ரேக்கு செருப்பை மாட்டிவிட்டார். கேசட் மாற்றித் தந்த கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் முறுக்கேறிய சார்ஜர் ஒயரை நிம்மதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ரேக்கு பேசப் பேச, அவர் பிரித்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் நிமிர்ந்தார்.

"சார், நான் ரெண்டு தடவை கேட்டேன். சத்தம் வேணாம், அந்தாளு தொணதொணப்புதான் இருக்கு, படம் மட்டும் போதும்னு நீங்கதான் சொன்னீங்க. இதே இடத்துல நின்னு, இதே மாதிரி கத்தினீங்க. அதான் எனக்கு மறக்கல."

ரேக்குவுக்கு நினைவு வந்தது. கூடமே விழுந்து விழுந்து சிரித்ததற்கு அடுத்த வாரம் அது. அந்த வாயை ஒரேயடியாக மூடிவிட்டதில் அன்று அவருக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதும் நினைவு வந்தது. கடைக்காரர் வேறு ஏதாவது வேண்டுமா என்றார். ஒன்றும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, சாஃப்ட்வேர் என்கிற பெயரில் ஊரை ஏமாற்றும் கூட்டத்தைப் பற்றி முன்னைவிட உரக்கப் பேசினார். மகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி, அதை விடுங்க. கடைசியா மான் பூங்காவுக்குப் போனோமே, அப்ப அண்ணன் போன்லதானே எடுத்துச்சு. கேசட் இல்லையே. உங்களுக்கு அனுப்புறேன்னு சொன்னுச்சு. அதுல சத்தம் இருக்கும்ல?"

ரேக்கு வீட்டு வீடியோ வரிசையை மேலும் கீழும் உருட்டினார். இல்லை. 'மான்' என்று தமிழில் அடித்துத் தேடினார். எதுவும் கிடைக்கவில்லை என்றது. கிடங்கு வாழ்க்கையில் அவர் கேட்டே இராத வாக்கியம். ரத்தம் தலைக்கு ஏறியது.

"அனுப்பியிருந்தா இருக்கும். எங்கிட்ட வந்தது எது தொலைஞ்சிருக்கு? உன் அண்ணன் அனுப்பவே இல்ல. வாய்தான் நீளம், கை நீளாது."

சொல்லி முடித்ததும் அவருக்கே கொஞ்சம் கசந்தது. ஆனால் வாய்விட்டு வெளியேறிய சொல்லுக்குத் திரும்பும் ரேக்கு கிடையாது. மனைவி ரிமோட்டை எடுத்தார். லேபிள் ஒட்டிய பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்தார்.

"ஏதாவது சினிமாவாவது பாக்கிறேன்."

திரைப்படங்கள் வரிசையைத் திறந்தார். வீட்டில் சினிமா எதுவும் வாங்கியதில்லை, ஆனாலும் அங்கே ஒரே ஒரு சுவரொட்டி இருந்தது. தாடிவைத்த ஒருவன், கையில் துப்பாக்கி, பின்னால் எரியும் கார். பெயர் பெரிய ஆங்கில எழுத்தில்: எம், ஏ, என். மேன்.

"நல்லாத்தான் சண்டை போடுவான்போல," என்று சொல்லி மனைவி பொத்தானை அமுக்கினார்.

தாடிக்காரன் வரவில்லை. கம்பி வேலி வந்தது. வேலிக்குப் பின்னால் ஒரு மான் காதை ஆட்டியபடி இலை தின்றது. காற்றின் சத்தம், எங்கோ குழந்தை அழும் சத்தம். பிறகு அந்தக் குரல், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வர்ணனையைத் தொடங்கியது.

"ஏய் குண்டூசி, இந்தப் பக்கம் திரும்பு. அழகா இருக்கேன்னு சொல்லல, வெயில்ல முகம் கருப்பா தெரியுது. ஆங், அப்படித்தான். பின்னாடி யாரு, நம்ம மாப்பிள்ளையா? மானுக்கு லேபிள் எங்க ஒட்டலாம்னு இடம் பாக்கிறார். மானே, ஜாக்கிரதை."

திரையில் ரேக்கு முறைத்தார். திரைக்கு வெளியே அவர் மூச்சுகூட விடவில்லை. உள்ளேயிருந்து மகள் வந்து கதவோரம் நின்றாள்.

"சரி, போதும். இதை மாப்பிள்ளைக்கு அனுப்பிடுறேன். எங்கிட்ட இருந்தா போனோட போயிரும். அவர் கைக்குப் போனா தொலையாது."

மான் திரும்பிப் பார்த்தது. படம் நின்றது.

மனைவி மறுபடி போட்டார். மறுபடியும் குண்டூசி. மூன்றாவது முறை போடும்போது சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வந்த அன்றே ரேக்கு வழக்கம்போல 'மான்' என்பதை ஆங்கில எழுத்தில் சுருக்கி டிஸ்க்கில் போட்டு மறந்திருந்தார்; மென்பொருள் அதை 'மேன்' என்று படித்துத் தாடி ஒட்டி மறைத்த மானைத் தேடாமலே கண்டுபிடித்தது அவர் மனைவிதான்.

"அண்ணன் அனுப்பியிருக்குங்க," என்றார் மனைவி. குற்றம் சாட்டும் குரலில் அல்ல. செய்தி சொல்லும் குரலில். அதுதான் தாங்கவில்லை.

"ம்."

"அப்ப மத்ததும் இருக்கும். சத்தத்தோட எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். தேடலாமா?"

இதுதான் ரேக்குவின் கோபம் வழக்கமாக வந்து உதவி செய்யும் இடம். மென்பொருள் இருந்தது, கடைக்காரர் இருந்தார், மவுஸ் இருந்தார், யாரையும் திட்டியிருக்கலாம். அவர் தன் பழைய கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல், மறுபடி போட்டுக்கொண்டார்.

"தேடாத," என்றார். குரல் மெல்லியதாக இருந்ததால் மனைவி டிவியின் ஒலியைக் குறைத்தார். "அதுல சத்தம் கிடையாது. அன்னைக்குக் கோபத்துல நான்தான் எடுக்கச் சொன்னேன். கேசட்டையும் ஸ்க்ராப்புல போட்டுட்டேன். நான் தொலைச்சிட்டேன்."

மனைவி அவர் பக்கம் திரும்பினார். பிறகு ரிமோட்டை அவர் கையில் வைத்தார். ரேக்கு அதை வாங்கி, மானை முதலிலிருந்து போட்டு, ஒலியைக் கூட்டினார்.