மச்சானின் டோக்கன்

ஆயுள் இன்ஷூரன்ஸ் வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று தங்க வயல் முழுக்க நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. அதில் பொய்யும் இல்லை. மெட்ராஸ் கம்பெனி கொடுத்த ஏஜெண்டு பத்திரத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு பவுரிங்பேட்டையில் ரயிலேறினால், பாலிசி எழுதாமல் திரும்பியது குறைவு. எனக்கு இரண்டே கட்டுப்பாடுகள். உண்மை என்று தெரியாத பதிலின் கீழே கையெழுத்துப் போட மாட்டேன். நம்பிச் சொன்னதைக் கம்பெனி தவிர வேறு யார் காதிலும் போட மாட்டேன். சக ஏஜெண்டுகள் என்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்பார்கள். அவர்களைவிட நன்றாகவே பிழைத்தேன்.

ஸ்கெலட்டன் லைன் என்ற கூலிக்காரர் குடியிருப்பில் ஒருவன் பாலிசி கேட்டுக் கூப்பிட்டனுப்பினான். பாறையை இடித்துப் பொடியாக்கும் மில்லில் அவனுக்கு வேலை. மேலே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பிரீமியம், சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு அதைவிடக் கூடுதல். கீழே இறங்குவது உண்டா என்று கேட்டேன்.

“என் டோக்கன் கீழே போனதே இல்லீங்க” என்றான், கண்ணைக்கூட இமைக்காமல்.

சுவரில் அவனுடைய தொப்பி தொங்கியது. முன்பக்கம் காய்ந்த களிமண், அதன்மேல் மெழுகு வழிந்த தடம். சுரங்கத்துக்குள் போகிறவர்கள்தான் களிமண்ணை அப்பி அதில் மெழுகுவத்தியைச் செருகிக்கொள்வார்கள். மில்லில் மெழுகுவத்திக்கு இன்னா வேலை என்று கேட்டேன். அசட்டுச் சிரிப்பு சிரித்தான்.

விஷயம் இதுதான். அவன் மனைவியின் தம்பி அதே வீட்டில் இருந்தான், அவனுக்குச் சுரங்கத்துக்குள் வேலை. அவன் காய்ச்சலில் படுக்கும் நாட்களில் இவன் மச்சானின் டோக்கனை எடுத்துக்கொண்டு கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்குவான். அந்த லைன்களில் அது வழக்கம். கூலியும் போகாது, பேரையும் வெட்ட மாட்டார்கள். வருகை பதியும் டைம் ஆபீஸ் ஆளுக்கொன்றாகக் கொடுத்த நம்பர் டோக்கனைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. தன் டோக்கன் மேலேயே இருப்பதால் தான் சொன்னது பொய் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

எழுத வேண்டாம் என்று கெஞ்சினான். சுரங்கத்தை மேற்பார்க்கும் கேப்டனுக்குத் தெரிந்தால் இரண்டு பேர் வேலையும் போய்விடும் என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கீழே உனக்கு ஒன்று ஆனால் மறைத்தான் என்று சொல்லிக் கம்பெனி கையை விரித்துவிடும், உன் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள் என்று சத்தம் போட்டேன்.

அதுவரை அடுப்படியில் இருந்த அவன் மனைவி எழுந்து வந்தாள். “நீங்க எழுதுறது சுரங்கத்துக்காரங்களுக்குப் போவுமா ஐயா?”

என் மூலமாகப் போகாது என்றேன்.

“அப்ப உள்ளதை எழுதுங்க.”

எழுதினேன். கம்பெனி கூடுதல் பிரீமியம் கேட்டு ஒப்புக்கொண்டது. அவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே கட்டினான்.

அடுத்த மழைக்காலத்தில் மச்சானுக்கு மறுபடி காய்ச்சல். இவன் இறங்கினான். கீழே பாறை சரிந்தது.

இறந்தது யார் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். டைம் ஆபீசில் மட்டும் டோக்கனுக்குரிய மச்சான் இறந்ததாகப் பதிந்தார்கள். ஆள்மாறாட்டத்தைக் கண்டும் காணாமல் இருந்த மேஸ்திரிக்குத் தன் வேலை போய்விடும் என்று பயம். சத்தமில்லாமல் வட ஆற்காட்டுக்குப் போய்விடு, செத்தவனை யாரும் தேட மாட்டார்கள், பிறகு வேறு பேரில் சேர்த்துவிடுகிறேன் என்று மச்சானிடம் சொல்லியிருந்தார். நான் துக்கம் கேட்கப் போனபோது அவன் மூட்டை கட்டி வைத்திருந்தான்.

சுரங்கத்தார் எழுதித் தரும் மரணச் சான்று இல்லாமல் பணம் வராது. சான்றில் இருப்பதோ மச்சானின் பேர். நேராகக் கேப்டனிடம் போய் நடந்ததைச் சொல்ல என் நாக்கு துடித்தது. ஆனால் என் மூலமாகப் போகாது என்று இவன் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் மச்சானிடம் உள்ளதைச் சொன்னேன். என் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, கம்பெனி ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனால் இறந்தவன் யார் என்று நான் சொல்ல மாட்டேன், அதைச் சொல்ல வேண்டியவன் நீ.

சொன்னால் இந்த வயலில் எந்தச் சுரங்கத்திலும் தன்னைச் சேர்க்க மாட்டார்கள் என்றான். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. அக்காவின் சின்னக் குழந்தை அவன் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. அவன் அதைப் பார்த்துவிட்டு மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு நடந்தான்.

டைம் ஆபீஸ் ஜன்னல்வரை நானும் கூடப் போனேன். கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த டோக்கன் என்னுதுங்க. நான் உயிரோட கீறேன். செத்தது எங்க அக்கா வூட்டுக்காரரு.”

கிளார்க் சாவுப் பதிவில் அவன் பேரை அடித்தார். கேப்டனிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து வேலைப் பதிவிலும் அடித்தார்.

வெளியே வந்ததும் அவன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான், இப்போது அக்காவுக்குப் பணம் வருமா என்று. வரும் என்றேன். வந்தது.