சக்கரப் பலகையில் வந்த சம்மனசு

எங்க பெரியப்பா அடைக்கலத்தின் மூத்த மகன் சூசைமாணிக்கம். எனக்கு அண்ணன் முறை. ஆவூருக்குத் தெற்கே எங்க ஊர். அங்கிருந்து புதுக்கோட்டைக்கு நெல்லும் கடலையும் மாட்டுவண்டியில் ஏற்றிப் போய்ப் பிழைத்தவர். குடி கிடையாது, சண்டை கிடையாது. ஆனால் அடுத்தவனுக்கு ஒரு நல்லது நடந்துவிட்டால் அன்னைக்கு அவருக்குச் சோறு இறங்காது. தன் கல்யாணத்திலேயே, மாப்பிள்ளைத் தோழனுக்குப் போட்ட மாலை தன் மாலையைவிடத் தடிமன் என்று பந்தியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர் அவர்.

அவருக்கென்று பெருமை ஒன்றே ஒன்று இருந்தது. ஈஸ்டருக்கு எங்க கோயில் களத்தில், யேசு பாடுபட்டு உயிர்த்த கதையைப் பாஸ்கா நாடகமாகப் போடுவார்கள். அதில் கல்லறைக்கு வருகிற சம்மனசு, அந்தத் தேவதூதன், அண்ணன்தான். தரை கூட்டுகிற வெள்ளை அங்கி, முதுகில் கொக்கிறகு ஒட்டின சிறகு. அங்கிக்குள்ளே காலைத் தூக்காமல் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர்வார். பார்க்கிறவர்களுக்கு மிதந்து வருகிற மாதிரி இருக்கும். வருசம் பூராவும் மாட்டு வாலை முறுக்குகிற மனுசனை அந்த ஒரு நாள் சனங்கள் கையெடுத்துக் கும்பிடும். அதுக்காகவே மிச்ச நாளெல்லாம் உயிரோடு இருந்தார் என்று சொல்லலாம்.

வருசம் ஐம்பத்தேழோ ஐம்பத்தெட்டோ, ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், மதினி ஜெபமாலையம்மாளின் தம்பி இருதயநாதன் வந்து சேர்ந்தான். புதுக்கோட்டையில் ஒரு பஸ் ஷெட்டில் வேலை. காக்கி டிராயர், படிய வாரின தலை. கையில் ஒரு பூவரசம் பலகை. பலகைக்கு அடியில் ரெண்டு கருவேலங்கட்டை, கட்டையின் நாலு முனையிலும் பழைய பஸ்ஸிலிருந்து கழற்றின பேரிங்கை அடித்து இறுக்கியிருந்தான்.

நாடக வாத்தியார் ஞானமணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகையை ஒத்திகை மேடையில் போட்டான். ஒரு காலை அதில் வைத்து, மறு காலால் மேடையை ஒரு உந்து உந்தி ஏறி நின்றான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, ஆள் அசையாமல் சர்ரென்று போனான்.

"யேசுவே, என் தம்பியப் பாருங்களேன்! பறக்குறானே!" என்று மதினி நெஞ்சில் கை வைத்தாள்.

அண்ணன் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் அடுப்பு பற்ற வைக்கலாம். "ஆமா, பறக்குறான். போயி முட்டை வச்சுருக்கானான்னு பாரு" என்றார்.

வாத்தியாருக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் பேரிங் மரமேடையில் உருளும்போது கரகரவென்று ஊரைக் கூட்டியது. "சம்மனசு வர்றாரா, சோளம் அரைக்க வர்றாங்களான்னு சனம் கேக்கும். இந்தப் பலகையில சத்தம் இல்லாம எவன் வாரானோ அவனுக்குத்தான் இந்த வருசம் வேசம்" என்று சொல்லிவிட்டார்.

அண்ணனுக்கு உயிரே ஆடிப்போனது. ஆனால் சத்தம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். அச்சு முனகாமல் வண்டி ஓட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. "சத்தத்த நான் பாத்துக்கிறேன். ஏறி நிக்க மட்டும் சொல்லிக் குடு மாப்ள" என்றார் இருதயத்திடம். அந்த 'மாப்ள'யைச் சொல்ல அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

மத்தியானம் ஊர் படுத்திருக்கிற நேரத்தில் களத்தில் பழகினார்கள். முதல் நாள் அண்ணன் பலகையில் ரெண்டு காலையும் ஒட்டி வைத்து நட்டமாக நின்றார். பலகை முன்னால் போனது, அண்ணன் பின்னால் போனார். இடுப்பில் அடி.

"அப்படி இல்ல மச்சான். முன்னங்கால கோணலா வைங்க. பின்னங்கால பலகைக் கடைசியில குறுக்க வைங்க. முட்டிய லேசா மடக்குங்க. வண்டி குழியில எறங்கும்போது முன்னால எப்படி ஒக்காந்திருப்பீங்க? வெறைச்சுக்கிட்டா இருப்பீங்க?"

"எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கிறியா?"

"காலைப் பாக்காதீங்க. போற எடத்தப் பாருங்க. விழப்போறோம்னு தெரிஞ்சா கைய ஊனாதீங்க, மணிக்கட்டு போயிரும். ஓடுற மாதிரி எறங்கிருங்க."

இன்னொரு சங்கடமும் உண்டு. சம்மனசு ரெண்டு கையையும் ஆசீர்வாதமாகத் தூக்கியிருக்க வேண்டும். தடுமாறினால் கையை வீசிச் சமாளிக்க முடியாது. எல்லாமே முட்டியிலும் கால்விரலிலும்தான். அண்ணன் விழுந்து விழுந்து எழுந்தார். அவன் ஒவ்வொன்றாகப் பொறுமையாகச் சொல்லச் சொல்ல, இவருக்கு இன்னும்தான் எரிந்தது. திட்டினாலாவது ஒரு சமாதானம் இருந்திருக்கும். சாயங்காலம் மதினி, தம்பியின் கஞ்சியில் கெட்டித் தயிரை ஊற்றிவிட்டு இவருக்கு மோரை ஊற்றுவாள். இவர் கலயத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நிற்கப் பழகின பிறகு பேரிங்கில் கை வைத்தார். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி அச்சுக்குப் போடுகிற மை இருக்கிறதல்லவா, அதை அள்ளி அப்பினார்.

"மச்சான், அது வேணாம். மண்ணெண்ணெயில கழுவிட்டு ரெண்டு சொட்டு மிசின் எண்ணெ விட்டாப் போதும். மை மண்ண இழுக்கும்."

"நீ பஸ்ஸப் பாரு. மையப் பத்தி எங்கிட்டப் பேசாத."

ஒத்திகையில் பலகை பூனை மாதிரிப் போனது. ஒரு முனகல் இல்லை. வாத்தியார் அண்ணன் தோளைத் தட்டி, வேசம் உனக்குத்தான் என்றார். இருதயத்துக்குக் கல்லறைக் காவல்காரன் வேசம். சம்மனசைப் பார்த்ததும் செத்த மாதிரி விழ வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு அண்ணன் மோரையே ரெண்டு கலயம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஒத்திகை முடிந்தும் அவர் சும்மா இருக்கவில்லை. தினம் அதே களத்தில் ஓட்டினார். களத்துப் புழுதியும் உமியும் மையில் ஒட்டிக்கொண்டே வந்தன. கனமாகப் போகிறதே என்று மேலும் மை அப்பினார்.

நாடகத்தன்று விளக்கு வைத்ததுமே களம் நிறைந்துவிட்டது. கல்லறைக் காட்சி வந்தது. படுதா ஓரத்திலிருந்து அண்ணன் ஒரு உந்து உந்திக் கையைத் தூக்கினார். சத்தமே இல்லாமல் வந்தார். சனம் மூச்சை இழுத்தது. நடு மேடை வந்ததும் பலகை நின்றுவிட்டது. பேரிங் நாலும் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டது. கல்லறை இன்னும் ஒரு பாய் தூரம். காலை இறக்கினால், சம்மனசுக்கு இருப்பது மாட்டுக்காரன் கால் என்று சனத்துக்குத் தெரிந்துவிடும். அப்படியே நின்றார். அவர் கண் முழுக்கக் காவல்காரன் மேல் இருந்தது. இப்போது அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்த கண்.

இருதயம் சிரிக்கவில்லை. "ஐயோ!" என்று அலறிக்கொண்டு விழ வேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே விழுந்தான். விழுந்தவன் உருண்டான். உருண்டு அங்கிக்குப் பின்னால் வந்து, கையிலிருந்த காவல்காரன் கேடயத்தை மறைப்பாக வைத்துக்கொண்டு, குதிகாலால் பலகையை ஒரு தள்ளு தள்ளினான். சக்கரம் உருளவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. அண்ணன் ஒரு ஆட்டம் ஆடினார். முட்டியை மடக்கினார். காலைப் பார்க்காமல் கல்லறையைப் பார்த்தார். விழவில்லை. இன்னொரு தள்ளு. சம்மனசு கல்லறை வாசலுக்குப் போய் நின்றார். கிழங்கட்டைகளெல்லாம் முழங்கால் போட்டார்கள்.

அண்ணன் சிறகைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் மதினி, "நல்லாத்தாங்க வந்தீங்க. கும்பிட்டேன்" என்றாள். அவர் முகம் கொஞ்சம் இளகியது. அதுக்குள்ளே வாத்தியார் பின்னாலேயே ஓடி வந்தார். வந்தவர் நேராக இருதயத்தைக் கட்டிக்கொண்டார்.

"என்னமா விழுந்தடா! சம்மனசு யாரு வேணா வரலாம். அந்த மாதிரி விழ ஒருத்தனாலயும் ஆகாது!"

இளகின முகம் பழையபடி இறுகிப்போனது.

மறு வருசம் வேசம் பிரிக்கிற அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால் போய் நின்றவர் எங்க அண்ணன்தான். "எனக்குச் சம்மனசு வேணாம். காவக்காரன் வேசம் குடுங்க" என்றார். வாத்தியார் காது குடைந்துகொண்டு மறுபடி கேட்டார். அதேதான் சொன்னார். இருதயம் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிச் சம்மனசாக ஏறினான். நாடகத்தன்று அண்ணன் விழுந்தார், உருண்டார், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பலகையைக் குதிகாலால் ஒரு தள்ளும் தள்ளினார். அவன் மேடையைத் தாண்டிப் போய் வைக்கோலில் விழுந்தான்.

"எப்படி மச்சான்?" என்று வைக்கோலுக்குள்ளிருந்து கேட்டான்.

"உன்னய விட நல்லாவே தள்ளுனேன்ல?" என்றார் அண்ணன்.

அப்புறம் கண் மங்கி வண்டி ஓட்ட முடியாமல் உட்கார்ந்த காலத்திலும், சம்மனசாக வந்த வருசங்களைப் பற்றி அவர் பேசினதில்லை. இருதயநாதனை யாராவது புகழ்ந்தால் மட்டும் தலையைத் தூக்குவார்.

"நான் தள்ளித்தான் அவன் போனான்" என்பார்.