மரைக்காயர் அடித்த காற்று

கடலடிப் படம் பார்த்துவிட்டு காரைக்காலில் எத்தனை பேர் முக்குளிக்கப் போனார்கள் என்று கேட்டால், ஒருவர்தான். அவருக்குக் காற்றடிக்கப் போனவர்கள் இருநூறு பேர்.

அந்த ஒருவர் நாகூர் மீரான். வயது இருபத்தெட்டு, வாடகை சைக்கிள் கடை. 1957 கோடையில் டெண்டுக் கொட்டகைக்கு ஒரு பிரெஞ்சுப் படம் வந்தது. முதுகில் உருளையும் வாயில் குழாயுமாக மனிதர்கள் கடலுக்கடியில் மீன்களோடு உலாவினார்கள். மீரான் பதினோரு முறை பார்த்தார். ஒவ்வொரு முறையும் அவர்கள் உள்ளே இருக்கும்போதே படம் முடிந்தது. கடைசித் துண்டு எந்த ஊரிலோ அறுந்து தொலைந்திருந்தது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா சின்னப்பிள்ளைக்குக் கொட்டகையில் இலவசம். பதிலுக்கு அவர் எழுந்து நின்று வசனத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். இவர்கள் எப்போது மேலே வருவார்கள் என்று தரை டிக்கெட்டில் ஒருவர் கேட்டார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத சின்னப்பிள்ளை, அங்கேயே குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள் என்றார். ஊர் ஒப்புக்கொண்டது.

மீரான் வேலையில் இறங்கினார். டார்ச் கண்ணாடியையும் சைக்கிள் டியூபையும் ஒட்டிக் கண்ணுக்கு மூடி செய்தார். மூக்குக்குத் துணிக் கிளிப். இடுப்பில் கட்ட அம்மிக்குழவி. நீளமான ரப்பர் குழாயின் ஒரு முனை வாயில், மறு முனை கடைப் பம்பில்.

சிக்கல் கல்யாணத்தில் இருந்தது. மூன்று வருடம் ஆள் அனுப்பி, அப்போதுதான் அஜீசுன்னிசாவை அவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் ஹமீது மரைக்காயர், நாலு தலைமுறையாகக் கப்பல் ஓட்டிய குடும்பம். மீரானைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"எங்க வூட்ல தண்ணிக்கு மேல போறவங்களுக்குத்தான் பொண்ணு குடுக்கறது. அடியில போறவங்களுக்கு இல்ல. முங்குனீங்கன்னு காதுல விழுந்துச்சு, நிக்காஹ் இல்ல."

மீரானுக்கு அஜீசுன்னிசாவும் வேண்டும், மீன்களும் வேண்டும். முங்குவதற்கு, மரைக்காயர் நாகப்பட்டினம் போகும் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்.

ஜும்மா முடிந்து அரசலாற்றங்கரைக்குப் போனால், கோட்டுச்சேரியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். கடலை வியாபாரம் நடந்தது. ஆற்றில் மார்பளவுதான் தண்ணீர். மீரான் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலை மறைந்தது, குமிழி வந்தது. கடை கூட்டாளி உத்திராபதி பம்பு அடித்தார்.

அரை மணியில் உத்திராபதிக்குக் கை விட்டுப்போயிற்று. வேடிக்கை பார்க்க வந்த மருதையன் வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. நிற்காதவர்களைப் பார்த்து நின்றவர்கள், உசிர் விஷயத்தில் இப்படியா என்று கேட்டார்கள். ஒன்றரை மணி நேரமாயிற்று. மீரான் எழுந்திருக்கவில்லை. தூக்கிவிடலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, படத்தில் யாரும் தூக்கவில்லை என்று சின்னப்பிள்ளை தடுத்துவிட்டார்.

விஷயம் மரைக்காயர் காதில் விழுந்துவிட்டது. பாதி வழியிலிருந்து திரும்பி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு பம்பு வரை வந்தார். அடுத்த முறைக்காரர் என்று நினைத்து, முன்னால் நின்றவர் பம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு விலகினார்.

"விட்டுடாதீங்க மரைக்காயரே, ஆளு போயிடுவாரு" என்றார் சின்னப்பிள்ளை.

திட்டிக்கொண்டே அடித்தார் மரைக்காயர். தொப்பி நனைந்தது. மாற்றிவிட ஒருவரும் வரவில்லை. மாமனார் காற்றடிப்பதை நிறுத்த யாருக்கும் மனம் இல்லை. சம்பந்தம் முறிந்தது என்று சொல்லத்தான் வந்திருந்தார். தண்ணீருக்குள் இருப்பவரிடம் எப்படிச் சொல்வது? ஒரே வழி குழாய். பம்பிலிருந்து அதைப் பிடுங்கி வாயருகே கொண்டுபோனார். சொல்ல வேண்டியதெல்லாம் தயாராக இருந்தது. ஆற்றைப் பார்த்தார். குமிழி நின்றிருந்தது.

"மாப்பிள்ள, எந்திரிங்க."

மீரான் எழுந்து நின்றார். குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"பம்பை நிறுத்தினா எந்திரிக்கலாம்னுதான் மாமா உக்காந்திருக்கேன்."

"அடப்பாவி, நீ எந்திரிச்சா நிறுத்தலாம்னு நாங்க அடிச்சிக்கிட்டு இருக்கோம்" என்றார் உத்திராபதி.

இருநூறு பேர் நடுவில் மாப்பிள்ளை என்று கூப்பிட்டபின் மரைக்காயரால் வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியவில்லை. நிக்காஹ் நடந்தது. பம்பு மட்டும் அவர் வீட்டு அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டது.

மறுவருஷம் அதே படம் முழுதாக வந்தது. முடிவில் அவர்கள் தாமாகவே மேலே வந்தார்கள். தரை டிக்கெட்டில் கூச்சல் எழுந்தது: யாருமே கூப்பிடாமல் எப்படி வருவார்கள்?

சின்னப்பிள்ளை எழுந்து நின்றார்.

"அவங்களுக்கு மாமனார் இல்லப்பா."