கெஞ்சாத ஒரு புகார்க் கடிதம்

எனக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் கெஞ்சத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளியில் லீவ் லெட்டர், கல்லூரியில் ஹால் டிக்கெட் கேட்டு ஒரு லெட்டர், அப்புறம் கலெக்டர் ஆபீசுக்கு மனு. எல்லாவற்றிலும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வோம். அந்தப் பணிவோடே, வெளிநாட்டு வேலைக்குக் கேட்கிற ஆங்கிலத் தேர்வுக்கும் போனேன். பெட்டியைத் தொலைத்துவிட்ட விமான நிறுவனத்துக்குப் புகார் எழுதச் சொன்னார்கள். நானோ, என் பெட்டி அவர்களுக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டதைப்போல எழுதிவைத்தேன். எழுத்துப் பகுதியில் ஒன்பதுக்கு ஐந்தரை. வெளிநாட்டு ஹோட்டல் ஒன்றில் வேலை தயாராக இருந்தது, ஆனால் ஆறரை வேண்டும். இன்னும் ஒருமுறை எழுதிப் பாருங்கள், அதற்குமேல் காத்திருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

கேளம்பாக்கத்தில் செல்போன் கடை மாடியில் கோச்சிங் சேர்ந்தேன். சாரிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து: மனப்பாடக் கடிதம். 'ஆழ்ந்த மனவேதனையுடன் இதை எழுதுகிறேன்' என்று ஆங்கிலத்தில் ஆரம்பிக்கும். பெட்டி தொலைந்தாலும் மனவேதனை, பல்பு எரியாவிட்டாலும் மனவேதனை. வகுப்பே சேர்ந்து ஒப்பிக்கும்.

அப்போது மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட் வரவேற்பறையில் எனக்கு வேலை. விருந்தினர்களின் புகார் மெயில்கள் என் கணினிக்குத்தான் வரும். அதுவரை பயந்துகொண்டே திறப்பேன். இப்போது பாடமாகப் படித்தேன். 'வெந்நீர் வரவில்லை. இரண்டுமுறை சொன்னேன். யாரும் வரவில்லை. வேறு அறை தாருங்கள். நன்றி.' அவ்வளவுதான். கோபமும் இல்லை, கும்பிடும் இல்லை. நானும் அப்படியே எழுதிப் பழகி, சாரிடம் நீட்டினேன்.

"இன்னாம்மா இது, மொட்டையா கீது? மனவேதனை எங்க?"

"பல்பு எரியலன்னா எனக்கு மனவேதனை வராது சார்."

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

"நான் குடுத்தத எழுதுனா பாஸு. இஷ்டமில்லன்னா நாளைலேர்ந்து வராத."

"சரி சார், வரல."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். கூடப் படித்த தோழி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"லூசாடி நீ? ஒரே சான்ஸுதான் கீது. மேல போயி சாரி சொல்லிட்டு வா."

"சாரி சொல்லிச் சொல்லித்தான்டி அஞ்சரை வந்துது."

வீரமாகச் சொல்லிவிட்டேனே தவிர, ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்ததும் தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன். இருந்தாலும் திரும்பிப் போகவில்லை. ஷிப்டுக்கு நடுவே, பஸ்ஸில், கிடைத்த இடத்திலெல்லாம் எழுதினேன். என்ன நடந்தது, யாரிடம் சொன்னேன், எனக்கு என்ன வேண்டும். அதற்குமேல் ஒரு வரி வந்தால் அடித்தேன்.

தேர்வில், பக்கத்து மனையில் விடியுமுன்னே தொடங்கும் கட்டட வேலையைப் பற்றி நகராட்சிக்கு எழுதச் சொன்னார்கள். பாதியில் கை தானாகவே 'தாழ்மையுடன்' என்று எழுதப் போனது. அடித்துவிட்டு, 'காலை ஏழு மணிக்கு முன் வேலை நடக்கக் கூடாது' என்று எழுதினேன்.

எழுத்தில் ஏழு வந்தது.

எப்படியோ கேள்விப்பட்டு சார் போன் செய்தார். "கங்கிராட்ஸ்மா! நம்ம ஸ்டூடண்டுன்னு ஃப்ளெக்ஸ் அடிக்கறேன், ஒரு போட்டோ அனுப்பு."

"அனுப்பறேன் சார். கீழ, 'மனப்பாடம் பண்ண மாட்டேன்னு பாதியில நின்னவங்க'ன்னு போடுவீங்களா?"

"இன்னா கொழுப்பு பாரு உனுக்கு!" போனை வைத்துவிட்டார்.

நான் ஹோட்டலுக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். மதிப்பெண் சான்றிதழை இணைத்திருக்கிறேன். அடுத்த மாதம் சேரத் தயார். நேர்காணலில் சொன்னபடி தங்குமிடம் நீங்கள் தர வேண்டும். நன்றி.