பாதக் கல்

பர்மாவில், அலோன் பேட்டையில், எங்கள் லைன் வீடுகளின் கோடிச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த தமிழர்களுக்காகக் கட்டிய வீடுகள் இவை. அந்தக் காலத்துத் தமிழில் இங்கே மிஞ்சியது அந்தக் கல் ஒன்றுதான். வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்தெல்லாம் மூடிப்போய், நடுவில் இரண்டு எழுத்து மட்டும் தெரியும்.

அதைப் படித்துச் சொன்னவன் நான்தான். அப்போது எனக்கு இருபது வயது. கோயில் வகுப்பில் நாலு மாதம் தமிழ் படித்திருந்தேன். தெருவில் வேறு யாருக்கும் அதுகூடத் தெரியாததால் எனக்குத் தலைகால் புரியவில்லை. ‘பாத’ என்று இருந்தது. “பாதம். சாமி பாதம்” என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

மறுநாளே, தெருவில் மொகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் கடை அக்கா அங்கே மல்லிகை வைத்தார். புத்தர் பாதம் என்று கேள்விப்பட்டு எதிர்வீட்டு பர்மியக் குடும்பம் தண்ணீர்க் குவளை வைத்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பேன்.

போன மாதம், எங்கள் பேட்டையின் பழைய கட்டடங்களைப் பற்றி எழுத ஒரு பெண் வந்தாள். தமிழ்ப் பெண்தான், பேசினால் புரியும், படிக்க வராது. கல்லைச் சுத்தம் செய்து படம் எடுக்க வேண்டும் என்றாள். அக்காவே தேங்காய் நாரும் தண்ணீரும் கொண்டுவந்து, குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் தேய்த்தார்.

சுண்ணாம்பு பெயரப் பெயர நான் எழுத்துக் கூட்டினேன். ‘த’வின் தலையில் ஒரு சுழி முளைத்தது. அதற்குப் பின்னால் ‘ர்’ வந்தது. முன்னால் ‘துப்’ வந்தது, அதற்கும் முன்னால் ‘இங்கே’.

“என்ன எழுதியிருக்கு, ஊலே?” என்றாள் அந்தப் பெண். பர்மிய வழக்கப்படி என்னை மாமா முறை வைத்துத்தான் கூப்பிடுவாள்.

சமாளித்திருக்கலாம். அங்கே எனக்கு மிஞ்சிப் படிக்க ஆளில்லை. ஆனால் முப்பது வருஷம் பூ வைத்த அக்கா கையில் ஈர நாரோடு நின்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை புளுக எனக்கு வெட்கமாக இருந்தது.

“இங்கே துப்பாதீர்,” என்றேன். “பாதம் இல்லக்கா. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன்.”

அக்கா நாரைப் பிழிந்துவிட்டுத் தெருவை ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கள் தெருவில் வெற்றிலை எச்சில் படாத இடம் கிடையாது. விளக்குக் கம்பம் சிவப்பு, மாடிப்படி சிவப்பு, என் வீட்டு வாசலும் சிவப்பு. இந்தச் சுவர் மட்டும்தான் வெள்ளை.

“முப்பது வருஷமா இதுல ஒருத்தனும் துப்பல, தம்பி,” என்றார். “நீ ஒழுங்காப் படிச்சிருந்தா துப்பியிருப்பானுங்க.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா கல்லைத் துடைத்துவிட்டு, எப்போதும் போல மல்லிகையை வைத்தார்.